மதிலுக்கு அப்பால் ஒரு தொண்டு

தொண்டு என்றதும் நம் நினைவுக்கு வருவன எவை? இரத்ததானம், மரம் நடுதல், குளத்தைத் தூர் வாருதல், குடிசைப் பகுதிகளில் எழுத்தறிவு வகுப்பு. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ஆம் ஆண்டில் தோன்றிய நாள்முதல் கல்லூரி மாணவர்கள் இவற்றைச் செய்து வருகின்றனர். மருத்துவமனைக்குப் போகிறோம், முதியோர் இல்லத்திற்குப் போகிறோம். ஆனால் ஊருக்குள்ளேயே உயர்ந்து நிற்கும் ஒரு பெரிய மதிற்சுவரை மட்டும் திரும்பிப் பாராமல் கடந்து விடுகிறோம். பேருந்தில் நடத்துநர் "ஜெயில் ஸ்டாப்" என்று குரல் கொடுப்பார். கையில் துணிப்பையோடு இரண்டொரு பெண்கள் இறங்குவார்கள். பைக்குள் பிஸ்கட் பொட்டலமும் பழங்களும் இருக்கும். "மனு பார்க்க" வந்தவர்கள் அவர்கள். சிறையிலிருக்கும் மகனையோ கணவனையோ காண வேண்டுமானால் வாசலில் மனு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அதனால்தான் அந்தச் சந்திப்புக்கே மனு என்ற பெயர் வந்துவிட்டது.

அப்படி மனு பார்க்க ஒருவரும் வராத கைதிகளும் உள்ளே இருக்கிறார்கள். அவர்களுக்கு வெளியிலிருந்து ஒரு தன்னார்வத் தொண்டர் என்ன செய்ய முடியும், எவ்வழியாகச் செய்ய முடியும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

"குற்றவாளிகளுக்கு எதற்கையா தொண்டு? நல்லவர்களுக்குச் செய்யவே நேரமில்லையே!" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். களவு கொடுத்தவனின் வயிற்றெரிச்சலையும், வெட்டுண்டவன் வீட்டு அழுகையையும் மறந்துவிட்டுக் கைதிக்காக உருகுவது முறையாகாது. ஆனால் உள்ளே இருப்பவர்கள் யார் என்று முதலில் பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அச்சிறைகளில் இடமிருந்ததோ 4,36,266 பேருக்குத்தான். இருந்தவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ எழுபத்தாறு பேர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்புச் சொல்லாதவர்கள். வழக்கு முடிந்து "நீ நிரபராதி, வீட்டுக்குப் போ" என்று கேட்கப் போகிறவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். ஆகவே "குற்றவாளிகளுக்கு எதற்கு?" என்ற கேள்வியிலேயே ஒரு பெரும் பிழை ஒளிந்திருக்கிறது.

தையற்காரப் பெண் ஒருத்தி

சிறைத் தொண்டின் வரலாற்றை எழுதுவோர் ஜான் ஹவார்டின் பெயரையும் எலிசபெத் ஃபிரையின் பெயரையும் முதலில் எழுதுவர். ஹவார்டு 1773-இல் இங்கிலாந்தின் பெட்ஃபர்டு மாவட்டத்தில் ஷெரீப் பதவி ஏற்றார். நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்த பின்னும், ஜெயிலருக்குத் தர வேண்டிய கட்டணத்தைத் தர இயலாமல் சிலர் சிறையிலேயே கிடப்பதைக் கண்டு திடுக்கிட்டார். நாடெங்கும் சிறை சிறையாகச் சுற்றி, கண்டதை 1777-இல் நூலாக வெளியிட்டார். ஃபிரை அம்மையார் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த செல்வக் குடும்பத்துப் பெண். 1813-இல் லண்டன் நியூகேட் சிறையின் பெண்கள் பகுதிக்குள் முதன்முதலாக நுழைந்தார். 1817-இல் அங்கே குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியபோது, ஆசிரியையாகக் கைதிப் பெண்களுள் ஒருத்தியையே தேர்ந்தெடுக்கச் செய்தார். விதிமுறைகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, அப்பெண்களின் சம்மதத்தைக் கேட்டே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட பெண்களுக்கு ஊசி, நூல், ஒட்டுத் துணிகள் கொண்ட பை ஒன்றை அவருடைய குழுவினர் கொடுத்து அனுப்புவர். 1841-இல் 'ராஜா' என்ற கப்பலில் சென்ற கைதிப் பெண்கள் வழியிலேயே தைத்து முடித்த பெரிய போர்வை இன்றும் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

இவ்விருவரும் பெரியவர்கள்தாம். ஆனால் ஒருவருக்குப் பதவி இருந்தது. மற்றவருக்குப் பணமும் செல்வாக்கும் இருந்தன. நம்மைப் போன்றவர்களுக்கு அருகில் நிற்பவர் அவ்வளவாகப் பெயர் தெரியாத சாரா மார்ட்டின் என்னும் பெண்மணியே என்பது என் கருத்து. 1791-இல் பிறந்தவர், இளமையிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். பிழைப்பு, கூலிக்குத் துணி தைத்தல். தம் சிற்றூரிலிருந்து கிரேட் யார்மத் என்னும் துறைமுக நகருக்கு நாள்தோறும் நடந்து சென்று வேலை செய்வார். வழியில் அந்நகரச் சிறை இருந்தது. உள்ளே போய்க் கைதிகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை நெடுநாள் அவர் மனத்தில் கிடந்தது.

1819-இல் பெற்ற பிள்ளையைக் கொடுமையாக அடித்த குற்றத்திற்காக ஒரு தாய் அச்சிறையில் அடைக்கப்பட்டாள். ஊரே அவளைத் தூற்றியது. அவளைப் பார்க்கத்தான் சாரா மார்ட்டின் முதலில் அனுமதி கேட்டார். முதல் முறை மறுத்தார்கள், மறுபடியும் கேட்டார். உள்ளே சென்று, வந்த காரணத்தைச் சொன்னதும் அந்தத் தாய் அழுதாளாம். எளிதில் இரக்கம் வரக்கூடிய ஒருவரைத் தேடிப் போகாமல், யாருக்கும் இரக்கம் வராத ஒருத்தியிடம் இவர் முதலில் போனார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அதன்பின் வாரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அந்நாளைச் சிறைக்கென்றே ஒதுக்கினார். எழுத்தறியாதவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பெண்களுக்குத் தையல் கற்பித்தார். ஆண்களுக்கும் கைவேலை தேடிக் கொடுத்தார். செய்த பொருள்களை விற்று வந்த காசைச் சிறு நிதியாக வைத்து, விடுதலையாகிறவர்கள் தொழில் தொடங்க உதவினார். ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பேடு எழுதி வைத்தார். பின்னாளில் அரசின் சிறை ஆய்வாளர்கள் இவருடைய பணியைத் தம் அறிக்கையில் பாராட்டி எழுதினார்கள். நகராட்சி சம்பளம் தர முன்வந்தபோது, காசு வாங்கினால் கைதிகள் தம்மையும் சிறை ஊழியருள் ஒருவராகவே எண்ணுவர் என்று தயங்கினார். கடைசி ஆண்டுகளில் உடல் நலிந்த பின்னரே, ஆண்டுக்கு 12 பவுன் பெற இசைந்தார். 1843-இல் மறைந்தார்.

இவருடைய வாழ்க்கையில் மேடையில்லை, மாலையில்லை. குறித்த நாளில் தவறாமல் போனார், அவ்வளவே.

ஒரு கடிதமும் ஒரு செய்தித்தாளும்

நம் நாட்டிற்கு வருவோம். செக்கிழுத்த வ.உ.சி. கோவைச் சிறையில் இருந்ததையும், இராஜாஜி வேலூர்ச் சிறையில் நாட்குறிப்பு எழுதியதையும் நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். நம் தலைவர்கள் பலருக்குச் சிறை இரண்டாம் வீடாக இருந்தது. இருந்தும் விடுதலைக்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சிறைகளுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பெரும்பாலோர் கேட்கவில்லை. 1894-ஆம் ஆண்டு வெள்ளையர் இயற்றிய சிறைச் சட்டமே தொடர்ந்து வழங்கி வந்தது.

மாற்றம் இரண்டு சிறு தாள்களிலிருந்து தொடங்கியது. தில்லி திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா என்பவர், உடனிருந்த இன்னொரு கைதியை வார்டர் ஒருவர் கொடுமைப்படுத்தியதை விவரித்து உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தையே மனுவாக ஏற்றது நீதிமன்றம். 1979 டிசம்பரில் தீர்ப்பு எழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், 1948-இல் தாமே ஒரு மாதம் சிறையில் இருந்தவர். 1957-இல் கேரள அமைச்சரவையில் சிறைத் துறையையும் கவனித்தவர். கைதி ஆனதாலேயே ஒருவன் தன் அடிப்படை உரிமைகளை எல்லாம் இழந்துவிடுவதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். சிறைகளில் குறை கூறும் பெட்டிகள் வைக்கவும், நீதிபதிகள் சென்று பார்வையிடவும் அது வழி செய்தது.

மற்றொன்று, ஒரு செய்தித்தாள் கட்டுரை. தேசியக் காவல் ஆணையத்தின் உறுப்பினரான கே. எஃப். ருஸ்தம்ஜி பீகார்ச் சிறைகளைப் பார்த்துவிட்டு, அங்கே விசாரணையே நடக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றி 1979 ஜனவரியில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' இதழில் எழுதினார். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கும் தண்டனையைக் காட்டிலும் அதிக காலம் உள்ளே இருந்தவர்கள் அவர்களுள் இருந்தனர். அதைப் படித்த புஷ்பா கபிலா ஹிங்கோரானி என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். ஹுஸ்ஸைனாரா காத்தூன் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். அவ்வழக்கின் விளைவாக நாடெங்கும் சுமார் 40,000 விசாரணைக் கைதிகள் வெளியே வந்தனர் என்பர். விரைவான விசாரணையும், வறியவருக்கு இலவசச் சட்ட உதவியும் உயிர் வாழும் உரிமையின் பகுதிகளே என்று நீதிமன்றம் கூறியது.

இவ்விரண்டிலும் நடந்தது ஒன்றே. வெளியிலிருந்து ஒருவர் உள்ளே பார்த்தார், அல்லது உள்ளிருந்து ஒருவர் வெளியே எழுதினார்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்

விஷயத்தின் மையத்துக்கு இப்போது வந்துவிட்டோம். ஹவார்டு கண்ட கட்டணக் கொடுமை ஒழிந்துவிட்டதல்லவா என்று மகிழ்வதற்கு முன், மோதி ராம் என்ற கொத்தனாரின் கதையைக் கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த அவருக்கு ஜாமீன் வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கீழே இருந்த நீதித்துறை நடுவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஏது? மறுபடியும் உச்ச நீதிமன்றத்திற்குப் போய், 1978-இல் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் வெளிவர வேண்டியதாயிற்று. எல்லோராலும் தில்லி வரை போக முடியுமா?

இன்றும் ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் வெளியே வர முடியாதவர்கள் இருக்கின்றனர். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். சில வேளை அவர்களுள் ஒருவர் இரத்த உறவினராக இருக்க வேண்டும். அடையாள அட்டை, வீட்டு வரி ரசீது, சொத்து மதிப்புச் சான்று ஆகியவை வேண்டும். ஊரில் ஒழுங்காகக் குடும்பத்தோடு இருப்பவனுக்கு இது ஒரு நாள் அலைச்சல். பனியன் கம்பெனியிலோ கட்டட வேலையிலோ சேர வந்த ஒடிசாக்காரனுக்கு இங்கே யார் ஜாமீன்தாரர்? அவன் கைதானது அவன் தாய்க்குத் தெரியுமா என்பதே ஐயம். கைபேசியில் பதிந்திருந்த எண்கள் கைபேசியோடு காவல் நிலையத்தில் தங்கிவிடும். மனப்பாடமாக எண் தெரிந்தவர்கள் இக்காலத்தில் எத்தனை பேர்?

சட்டம் இவர்களை முற்றிலும் மறந்துவிடவில்லை. ஜாமீன் கிடைத்து ஏழு நாள்களில் ஒருவர் வெளியேறாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதத்திற்குள் பிணை கொடுக்க இயலாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே கருதிப் பார்க்கலாம் என்றும் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. அதே ஆண்டில் மத்திய அரசு கொண்டுவந்த ஏழைக் கைதிகளுக்கான திட்டத்தில், விசாரணைக் கைதியின் பிணைக்காக 40,000 ரூபாய் வரையிலும், அபராதம் கட்ட முடியாமல் இருக்கும் தண்டனைக் கைதிக்காக 25,000 ரூபாய் வரையிலும் உதவ இடமளிக்கப்பட்டது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டமாகிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவும் நாம் அறிய வேண்டியது. முதன்முறையாகக் குற்றம் சாட்டப்பட்டவர், அக்குற்றத்திற்குரிய உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே கழித்துவிட்டால் பிணையில் விடுவிக்கப்பட வேண்டும். மற்றவர்க்குப் பாதிக் காலம். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்க்கும் இது பொருந்தாது. சாதாரணத் திருட்டுக்கு உச்சத் தண்டனை மூன்றாண்டு என்றால், முதல் வழக்கில் ஓராண்டு கழிந்ததும் அந்த உரிமை பிறக்கிறது. தேதியைக் கணக்கிட்டு நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது கண்காணிப்பாளரின் கடமை.

ஆயினும் ஆணையும் திட்டமும் காகிதத்தில் இருப்பவை. அந்தக் கைதியின் பெயர், வழக்கு எண், கைதான தேதி, ஊர் முகவரி இவற்றை யாராவது ஒருவர் உட்கார்ந்து விசாரித்து எழுதினால்தான் அவை உயிர் பெறும். இதற்கு வழக்கறிஞர் பட்டம் வேண்டியதில்லை. தெளிவான கையெழுத்தும் பொறுமையும் போதும். கைதி சொல்லும் முகவரி "எட்டிமரத்துப் பக்கம், முருகன் கடைக்கு எதிர் சந்து" என்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடித்து, கதவைத் தட்டி, "அம்மா, உங்கள் பையன் நல்லபடியாக இருக்கிறான், ஜாமீன் கிடைத்துவிட்டது, இந்த இந்தக் காகிதங்களோடு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு வருவதுதான் சிறைத் தொண்டில் தலையாயது என்பேன். நம் வகுப்பில் இந்தியோ ஒடியாவோ பேசத் தெரிந்த நண்பர் இருந்தால், வகுப்பறைக்கு வெளியே அந்த மொழியறிவுக்கு இதைவிட நல்ல பயன் வேறு கிடைப்பது அரிது.

மும்பையில் டாட்டா சமூக அறிவியல் கழகம் 1990-இல் தொடங்கிய 'பிரயாஸ்' என்ற களப்பணித் திட்டம் இத்தகைய வேலையைப் பல்லாண்டுகளாகச் செய்து வருகிறது. சமூகப் பணி படிக்கும் மாணவர்களும் அதில் பயிற்சி பெறுகின்றனர்.

உள்ளே செய்யக்கூடியவை

கல்வி அடுத்தது. தமிழகச் சிறைகளிலிருந்து ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளைக் கைதிகள் எழுதுகின்றனர். திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்புகளும் உள்ளன. கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர ஆள் கிடைப்பதுதான் அருமை. 2023 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் அரங்கு அமைத்துச் சிறை நூலகங்களுக்காகப் புத்தகங்கள் திரட்டியதை நண்பர்கள் அறிந்திருக்கலாம். புத்தகம் கொடுப்பவர்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். வீட்டில் கறையான் தின்ற பழைய தேர்வு வழிகாட்டிகளைத் தள்ளிவிட அது இடமன்று. அகராதி, கதைப் புத்தகங்கள், எளிய சட்ட நூல்கள் இவையே அங்கே கைமாறிக் கைமாறிக் கிழியும்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தாயோடு ஆறு வயது வரை குழந்தை சிறையில் இருக்கலாம் என்பது விதி. 2022-இன் இறுதியில் 1,537 தாய்மார்களோடு 1,764 குழந்தைகள் இந்தியச் சிறைகளில் இருந்தனர். குற்றமும் செய்யாமல், குற்றம் சாட்டப்படாமலும் இருப்பவர்கள் இவர்கள். இவர்களைவிட வெளியே நிற்கும் பிள்ளைகளின் தொகை மிகப் பெரிது. அப்பன் உள்ளே போனதும் பள்ளியை விட்டு நிற்கும் சிறுவனை மறுபடி பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் சிறைத் தொண்டே. அதற்குச் சிறை வாசலை மிதிக்கவும் வேண்டியதில்லை.

ஆண்டுக்கொரு முறை லட்டுப் பொட்டலத்தோடு போய்ப் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவதை நான் தொண்டில் சேர்க்கவில்லை. அன்றைக்குக் கைதிகளுக்கு லட்டுக் கிடைக்கிறது, அதை மறுக்கவில்லை. மறுநாள் அவர்களுடைய வழக்கு எண் பழையபடி அப்படியே இருக்கிறது.

செல்லும் வழி

நினைத்தவுடன் யாரும் சிறைக்குள் போய்விட முடியாது, போகவும் கூடாது. நேரிய வழிகள் உண்டு. அலுவல்சாராப் பார்வையாளர்கள் என்று பொதுமக்களில் சிலரை அரசு நியமிக்கச் சிறை விதிகளில் இடமிருக்கிறது. அது பெரும்பாலும் வயதில் மூத்தோருக்கு. நம் பேராசிரியப் பெருமக்கள் கருதிப் பார்க்கலாம். மாணவர்க்கு உகந்தது சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழி. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அக்குழு, காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் தரக் கடமைப்பட்டது. 2009 முதல் அது சட்டத் தன்னார்வலர்களைத் தேர்ந்து பயிற்சி அளித்து வருகிறது. சிறைகளுக்குள் உள்ள சட்ட உதவி மையங்களில் அவர்கள் அமர்ந்து மனு எழுதித் தருவர். தண்டனைக் கைதிகளுள் படித்தவர்களையே அப்பணிக்குப் பயிற்றுவதும் உண்டு.

உள்ளே செல்பவர் கடைப்பிடிக்க வேண்டியவை சில. கைபேசி கூடாது. யார் என்ன கெஞ்சினாலும் ஒரு சீட்டையோ பீடிக் கட்டையோ உள்ளேயோ வெளியேயோ கொண்டு போகக் கூடாது. சிறைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. தவிர, ஒருவர் செய்த தவற்றால் பின்னால் வரவிருந்த அத்தனை தொண்டர்களுக்கும் கதவு அடைபடும். "என்ன கேஸ்?" என்று முதல் நாளே கேட்பது அநாகரிகம், அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். கேட்டதை வெளியே கதையாக்கக் கூடாது. "எப்படியும் வெளியே எடுத்துவிடுகிறேன்" என்ற வாக்குறுதியைப் போலக் கொடியது வேறில்லை. அந்த ஒரு சொல்லை நம்பி ஒருவர் நாள்களை எண்ணிக்கொண்டிருப்பார். வார்டர்களைப் பகைவராக எண்ணிப் போவதும் பேதைமை. நெரிசலான சிறையில் இரவும் பகலும் நிற்பவர்கள் அவர்கள். எந்தக் கைதி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்பதை முதலில் அறிந்திருப்பவரும் அந்தத் தொகுதியின் வார்டரே.

விடுதலையாகும் நாள் தனி நாள். பெரும்பாலும் மாலையில்தான் வாயில் திறக்கும். உள்ளே வந்தபோது போட்டிருந்த சட்டை, மடித்த சில ரூபாய்கள், மூடிக் கிடந்த ஒரு கைபேசி இவற்றோடு ஒருவர் சாலைக்கு வருவார். ஊருக்குக் கடைசிப் பேருந்து போய்விட்டால் இரவு எங்கே படுப்பது? விடுதலையானவர்களுக்கு உதவும் சங்கங்கள் உண்டு. நன்னடத்தை அலுவலர்களும் உண்டு. ஆனால் அந்த ஓர் இரவுக்கு ஒரு பயணச் சீட்டும் ஒரு வேளைச் சாப்பாடும், கூடவே பேருந்து நிலையம் வரை நடந்து வரும் ஒருவரும் இருந்தால் போதும்.

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும். தன்னார்வலர்க்கான விண்ணப்பத்தை அவர்கள் அவ்வப்போது கோருவர். கல்லூரி அடையாள அட்டையின் நகலும், துறைத்தலைவர் தரும் நன்னடத்தைச் சான்றும் கையில் இருப்பது நல்லது. பயிற்சி முடிந்த பிறகும் முதல் சில மாதங்கள் படிவம் நிரப்புவதிலும் முகவரி எழுதுவதிலுமே கழியும்.